புதுப்பிப்பு: குன்னூர் வீட்டுத் தேக்கு அலமாரி

பாட்டியின் தேக்கு அலமாரியில் பூஞ்சை படர்ந்திருக்கிறது, பழைய மெருகைச் சுரண்டிவிட்டுக் கம்பளிகளை அடுக்கலாமா என்று அக்டோபரில் கேட்டிருந்தேன். மறைவான மூலையில் ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) நனைத்த பஞ்சால் முதலில் தேய்த்துப் பார்க்கும்படி ஒருவர் சொன்னார். மெருகு இளகிப் பிசுபிசுத்ததால் அது ஸ்பிரிட்டில் கரையும் அரக்கு என்பது உறுதியாயிற்று; பழைய அரக்கின் மேலேயே புதிய அரக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுரண்ட வேண்டிய தேவையும் நீங்கியது.

ஆனால் அவசரப்பட்டு நவம்பர் மழையிலேயே, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கின் முதல் பூச்சைப் பூசிவிட்டேன். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடுவதால், கதவு முழுவதும் வெண்புகை படர்ந்ததுபோல் மங்கிப்போனது. அதைப் பார்த்து உண்மையிலேயே மனம் நொந்தேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரியின் வறண்ட வெயில் வரும்வரை காத்திருந்து, 220 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, நண்பகலில் மட்டும் மெல்லிய பூச்சுகளாகப் பூசியபோதுதான் பாட்டி காலத்துத் தேன்நிறம் திரும்பியது.

உட்புறத்துக்கு மெருகு பூசவில்லை. தொங்கவிடும் கம்பியை எடுத்துவிட்டு இரண்டு பலகைகள் பொருத்தினேன். சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நிறுத்தியிருப்பதால் பின்பலகைக்குக் காற்று கிடைக்கிறது, பூஞ்சை இதுவரை திரும்பவில்லை. இழுப்பறைகளின் அடிச்சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். இப்போது ஒற்றை விரலால் திறக்கின்றன.