குழாய்வழி வால்வு பொருத்தல்: ‘மாற்று’ ஏன் பொருந்தாது

வணக்கம்.

இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் செல்லும் வாயிலில் உள்ள வால்வு சுண்ணாம்பேறிப் பழுதானால், மார்பைத் திறந்து அறுக்காமல் குழாய் வழியாகப் புது வால்வு வைக்கும் சிகிச்சை உண்டு (ஆங்கிலத்தில் TAVR அல்லது TAVI). அதற்குத் தமிழில் ‘வடிகுழாய்வழிப் பெருந்தமனி வால்வு மாற்று’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அதில் ‘வால்வு’ இருக்கட்டும். ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்று பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொல். ‘வடிகுழாய்’, ‘மாற்று’ இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

வடிகுழாய் என்றதும் சிறுநீருக்குப் போடுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே எதுவும் வடிவதில்லை. சுருக்கி மடித்த வால்வை இதயம்வரை கொண்டுசேர்க்கும் குழாய் இது. அதற்குப் பதிலாக ‘தமனிவழி’ என்ற யோசனையும் முழுதாகப் பொருந்தாது. இன்று தொடைத் தமனிதான் வழக்கமான பாதை. ஆனால் 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் இதய மருத்துவர் அலேன் கிரிபியே முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைச் செய்தபோது தொடைச் சிரை வழியாகப் போய், மேலறைகளின் இடைச்சுவரைத் துளைத்துத்தான் இடப்பக்கம் சேர்ந்தார். மார்பில் சிறு கீறலிட்டு இதய நுனி வழியாகச் செலுத்துவதும் உண்டு. ‘குழாய்வழி’ எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பெரிய சிக்கல் ‘மாற்று’. திறந்த அறுவையில் இதயத்தை நிறுத்தி, சுண்ணாம்பேறிய இதழ்களை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கிறார்கள், அது மாற்று. குழாய்வழியில் பழைய வால்வு உள்ளேயே இருக்கிறது. பலூனால் விரிக்கும் வகை வால்வில், இதயத்தை நிமிடத்துக்கு 180 முறையோ அதற்கு மேலோ துடிக்கவைக்கிறார்கள். ரத்தத்தை வெளித்தள்ளும் வேகம் அடங்கும் அந்தச் சில நொடிகளில் பலூனை ஊத, உலோகச் சட்டம் விரிந்து பழைய இதழ்களை ஓரத்தில் நசுக்கி, அவற்றையே பிடிமானமாக்கி நிற்கிறது. மாட்டு இதய உறையால் ஆன புது இதழ்கள் உடனே வேலையைத் தொடங்குகின்றன. சட்டத்தைச் சுற்றி ரத்தம் கசிய நேர்வதும், அருகில் இதயத்துடிப்புக்கான மின்கடத்து பாதை அழுந்திச் சிலருக்குப் பேஸ்மேக்கர் (துடிப்பைத் தூண்டும் கருவி) தேவைப்படுவதும் இப்படி நெருக்கிப் பொருத்துவதால்தான். ‘பொருத்தல்’ என்றால் இதெல்லாம் சொல்லிலேயே தெரியும்.

இந்தச் சிகிச்சை பெறுவோரைக் குறிக்கச் சொல்லப்படும் ‘அறுவைக்குத் தகுதியற்றவர்’ வேண்டவே வேண்டாம். வயதான அம்மாவைப் பற்றி அப்படி எழுதிய தாளை மகன் கையில் வாங்கிப் படிப்பார். மேலும் அதில் இரு நிலைகள் கலந்துவிடுகின்றன. இந்தச் சிகிச்சையைச் சோதித்த ‘பார்ட்னர்’ (PARTNER) என்ற மருத்துவ ஆய்வின், 2010-இல் வெளியான முடிவுகள் அறுவையே செய்ய இயலாதவர்களைப் பற்றியவை: ஓராண்டில் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 50.7 விழுக்காட்டினர் இறந்தனர், குழாய்வழிப் பொருத்தியோரில் 30.7. அறுவை செய்யலாம், ஆனால் ஆபத்து மிகுதி என்போர் வேறு தொகுதி. முன்னவரை ‘அறுவை இயலாதோர்’, பின்னவரை ‘அறுவை இடர் மிக்கோர்’ எனலாம்.

என் முன்மொழிவு: குழாய்வழிப் பெருந்தமனி வால்வு பொருத்தல். இதயப் பிரிவில் பணியாற்றுவோர், நோயாளிகளிடம் வாய்விட்டுச் சொல்ல இது எளிதாக வருகிறதா என்று எழுதுங்கள்.