[கலைச்சொல்] ஸ்நார்க்கெலிங், ஸ்கூபா: இரண்டுக்கும் 'ஆழ்கடல் நீச்சல்' சரியா?

தர்மபுரியிலிருந்து:

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் அந்தமான் புறப்படுகிறது. அதில் பாதிப்பேர் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி, கடலுக்குள் இறங்கியதில்லை. அவர்கள் கையில் கொடுக்க நாலு பக்கத்தில் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இறங்கி, கப்பல் ஏறி, முன்பு ஹேவ்லாக் என்றிருந்த ஸ்வராஜ் தீவுக்குப் போய்ச் சேரும்வரை எழுதுவதில் சிரமமே இல்லை. ராதாநகர் கடற்கரை, காட்டுவழி நடை, கண்ணாடி அடிப்படகு எல்லாவற்றுக்கும் சொல் தானாக வந்துவிட்டது. தண்ணீருக்குள் தலையை விடும் இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது.

ஸ்நார்க்கெலிங்கையும் ஸ்கூபாவையும் நம் செய்தித்தாள்கள் 'ஆழ்கடல் நீச்சல்' என்றே எழுதுகின்றன. ஸ்நார்க்கெலிங்கில் ஆழம் எங்கே இருக்கிறது? தண்ணீர் மட்டத்தில் குப்புற மிதந்து, வாயில் வைத்த குழாய் வழியே மூச்சு விட்டபடி கீழே இருக்கும் பவளப்பாறையைப் பார்ப்பது அது. ஸ்கூபா என்பது முதுகில் காற்று அடைத்த உருளையைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே உள்ளே இறங்குவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் என்ன ஆகும்? 'ஆழ்கடல்' என்று படித்தவுடன் ஐம்பது வயது அம்மா ஒருவர் 'எனக்கு வேண்டாம்பா' என்று கரையிலேயே உட்கார்ந்துவிடுவார். உண்மையில் அவர் மிதவையைப் பிடித்துக்கொண்டு ஆசைதீரப் பார்த்துவிட்டு வரக்கூடியதுதான். மறுபக்கம், ஸ்கூபா இறங்கிய பையன் மறுநாள் விடியற்காலை விமானம் ஏறுவான். ஸ்கூபா முடித்தபின் 18 முதல் 24 மணி நேரம் விமானப் பயணம் கூடாது என்பது பொதுவான அறிவுரை. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், மேலே காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகக் கிளம்பும். ஸ்நார்க்கெலிங்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்த எச்சரிக்கை யாருக்கு என்று பெயரைப் படித்ததுமே தெரிய வேண்டாமா?

இப்போதைக்கு 'மூச்சுக்குழல் நீச்சல்', 'காற்றுக்கலன் முக்குளிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக இருந்தால் சொல்லுங்கள்.

—

ஓசூரிலிருந்து:

ஸ்நார்க்கெலிங், ஸ்கூபா என்று அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள் அண்ணா. அங்கே கவுண்டரில் அதுதான் எழுதியிருக்கும், ரசீதிலும் அதுதான் இருக்கும். கையேட்டில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர் என்றால் நம் ஆட்கள் எந்த வரிசையில் நிற்பார்கள்? பஸ், ரயில் மாதிரி இதுவும் பழகிவிடும்.

—

கிருஷ்ணகிரியிலிருந்து:

வணக்கம். பள்ளியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் என்ற முறையில் முதல் ஆட்சேபம்: 'மூச்சுக்குழல்' வேண்டாம். தொண்டைக்கும் நுரையீரலுக்கும் நடுவே இருக்கும் உறுப்புக்குப் பாடநூல்கள் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டன. 'மூச்சுக்குழலில் தண்ணீர் புகுந்தால் உடனே ஊதி வெளியேற்றவும்' என்று கையேட்டில் எழுதிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் புகுவது அன்றாடம் நடப்பது. உறுப்பில் புகுந்தால் அது உயிர்ப் பிரச்சினை. ஒரே சொல் இரண்டையும் சுமக்கக் கூடாது.

ஓசூர்த் தம்பி கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆனால் பஸ்ஸை நாம் தினம் பார்க்கிறோம், ஸ்நார்க்கெலை நம் மாவட்டத்தில் பார்த்தவர் எத்தனை பேர்? பொருளும் தெரியாமல் சொல்லும் தெரியாமல் நிற்பவருக்குச் சொல்லாவது கை கொடுக்க வேண்டும். இன்னொன்று, கலைச்சொல் நம் மண்ணுக்குப் புதிய வேலை இல்லை. 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்றைக்கு தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, தம்பி இருக்கும் ஓசூருக்குப் பக்கம். ரசாயனத்துக்கும் இயற்பியலுக்கும் அந்த நாளிலேயே சொல் தேடியவர்கள் நடமாடிய ஊர் இது.

குழாயின் நீளத்தையும் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். விற்கும் குழாய் ஏன் ஒரு முழத்துக்குள் இருக்கிறது, நாலடிக் குழாய் வைத்துக்கொண்டு கீழே போகலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சை அழுத்தும். மேலிருந்து சாதாரணக் காற்றை உள்ளே இழுக்க விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைக்கு வலு போதாது. போதாததற்கு, நீளக் குழாய்க்குள் நாம் விட்ட காற்றே தங்கி, அதையே திரும்பத் திரும்ப இழுக்க வேண்டிவரும். மட்டத்தில் மிதப்பவருக்குத்தான் இந்தக் குழாய். இதை மறைக்காத பெயராக வையுங்கள்.

—

போர்ட் பிளேரிலிருந்து (சொந்த ஊர் காவேரிப்பட்டணம்):

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தமிழர்கள் நிறைய இருக்கிறோம், ஆனாலும் எங்கள் வாயிலும் ஸ்நார்க்கெலிங்தான். நல்ல சொல் கிடைத்தால் நானே முதலில் பயன்படுத்துவேன். சொல்லை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நடப்பதை நான் எழுதுகிறேன்.

ஸ்வராஜ் தீவின் எலிஃபண்ட் பீச்சில் முதலில் முகக்கண்ணாடி கொடுப்பார்கள். நீச்சல் குளத்துக் கண்ணாடி மாதிரி கண்ணை மட்டும் மூடாது, மூக்கையும் சேர்த்து மூடும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்ச வேண்டும். கையை எடுத்தபின்பும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. ஒரு முடி இடையில் மாட்டினாலும் தண்ணீர் கசியும். அடர்த்தியாக மீசை வைத்த நம்மூர்ப் பெரியவர்களுக்கு மூக்குக்குக் கீழே கசிந்துகொண்டே இருக்கும், மேல் உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் அடங்கும். உள்பக்கம் ஆவி படியாமல் இருக்க எச்சில் துப்பித் தேய்த்துக் கடல்நீரில் அலசுவார்கள். முகம் சுளிக்க வேண்டாம், பயிற்சியாளர்களும் செய்வது அதுதான்.

பிறகு குழாயின் ரப்பர் வாயைப் பல்லால் கடித்து உதட்டால் மூட வேண்டும். வாயால் மட்டும் மூச்சு. பழக்கமில்லாதவர்களுக்கு இதுதான் கஷ்டம், மூக்கு தேடும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே முகத்தை மட்டும் உள்ளே வைத்து, பதறாமல் மூச்சு விட்டுப் பழகியபின் மிதந்தால் போதும். அலை ஏறிக் குழாயில் தண்ணீர் வந்தால், 'பூ' என்று ஒரே ஊதாக வேகமாக ஊதினால் மேல்வழியாகத் தெறித்துப் போய்விடும். நீச்சல் தெரியாதவர்களுக்கு மிதவை வளையம் உண்டு. வழிகாட்டி அதைப் பிடித்து இழுத்துப் போவார்.

கடலடி நடை என்று வேறொன்றும் இருக்கிறது, பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமான தலைக்கவசத்தைத் தோளில் உட்கார வைப்பார்கள், மேலே படகிலிருந்து குழாயில் காற்று வரும், மணலில் நின்று நடக்கலாம். முகம் நனையாது.

எதைச் செய்தாலும் பவளத்தின் மேல் காலை ஊன்றக் கூடாது. அது கல் இல்லை, மேல்தோலாகப் படர்ந்திருக்கும் சிறு உயிர்கள். ஒரு மிதியில் சாகிற கிளை வளர எத்தனையோ வருடம் ஆகும். உடைந்து கிடப்பதையும் ஊருக்கு எடுத்து வராதீர்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

—

ஒகேனக்கல் ஊட்டமலையிலிருந்து:

அண்ணா, சார், எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பரிசல் ஓட்டுகிறவர்கள். அதனால் தண்ணீர்ச் சொல் இரண்டு மூன்று சொல்கிறேன்.

கிணற்றிலும் ஆற்றிலும் தம் கட்டி அடியில் போவதை நாங்கள் 'உள்நீச்சல்' என்போம். சில ஊரில் 'முங்கு நீச்சல்'. எந்தக் கருவியும் இல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குகிறார்களே, ஃப்ரீ டைவிங், அதற்கு 'உள்நீச்சல்' அப்படியே பொருந்தும். புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். ஸ்கூபாவுக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். உள்நீச்சலில் தம் கட்டுவதுதான் வித்தை. ஸ்கூபாவில் தம் கட்டினால் ஆபத்து என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சார் விளக்க வேண்டும்.

ஸ்நார்க்கெலுக்கு 'தூம்பு' என்று வைத்தால் என்ன? ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் தூம்பு நம் பக்கத்து விவசாயி எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் திறந்த வெளி, நடுவில் ஒரு துளை. 'மூச்சுத்தூம்பு' கருவிக்கு, 'தூம்பு நீச்சல்' செயலுக்கு. 'தூம்பு நீச்சல் போனோம்' என்று வாயில் வருகிறது பாருங்கள். யானை ஆழமான தண்ணீரில் நீந்திக் கடக்கும்போது உடம்பு முழுக்க உள்ளே இருக்கும், தும்பிக்கை நுனி மட்டும் மேலே தூக்கி நிற்கும். ஸ்நார்க்கெல் போட்ட மனிதரும் அதே கோலம்தான்.

—

ஓசூரிலிருந்து:

அக்கா, எங்கள் தெருவில் தூம்பு என்றால் சாக்கடைக் குழாய். அதைக் கடித்துக்கொண்டு மிதப்பது என்றால் யாருக்கு மனசு வரும்?

—

கிருஷ்ணகிரியிலிருந்து:

தம்பி, அந்தப் பொருளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பின்னால் ஒட்டியது. சங்கப் பாட்டான மலைபடுகடாத்தில் 'களிற்றுயிர்த் தூம்பு' என்று ஓர் ஊதுகருவி வருகிறது. களிறு பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் நீண்ட குழல் அது. 'உயிர்' என்பது அங்கே மூச்சு. நம்ம எல்லையை ஒட்டிய செங்கம் பக்கத்து மன்னன் நன்னனைப் பாடிய பாட்டு. அம்மணி யானையின் தும்பிக்கையைச் சொன்னதும் எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வந்தது. யானை, மூச்சு, தூம்பு மூன்றும் சேர்ந்து ஏற்கெனவே தமிழில் நிற்கின்றன. காற்றுப் போகும் குழலுக்கும் தூம்பு என்று பெயர் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 'மூச்சு' முன்னால் நின்றால் சாக்கடை நினைப்பு எழாது. செயலுக்குச் சுருக்கமாகத் 'தூம்பு நீச்சல்' என்று சொல்லும்போதுதான் தம்பியின் சங்கடம் வரும். கையேட்டில் முதலில் வருமிடத்தில் 'மூச்சுத்தூம்பு நீச்சல்' என்று முழுதாக எழுதிவிட்டால் அதுவும் தீரும்.

ஸ்கூபாவில் தம் கட்டக் கூடாது என்று அம்மணி கேள்விப்பட்டது முழுக்கச் சரி. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே உருளையிலிருந்து நெஞ்சு நிறைய காற்றை இழுத்து, அதை வெளியே விடாமல் மேலே வந்தால், வருவதற்குள் அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் தாங்காது, கிழியும். அதனால் 'மூச்சை நிறுத்தாதே' என்பதுதான் அங்கே முதல் பாடம். உள்நீச்சலுக்கும் இதற்கும் விதி நேர் எதிர். ஆகவே ஸ்கூபாவுக்குக் 'கலன் முக்குளிப்பு' போதும் என்பது என் கருத்து. 'காற்றுக்கலன்' நீளம். கலன் இல்லாமல் அது இல்லை என்று பெயரே சொல்லிவிடும்.

—

தர்மபுரியிலிருந்து:

சார், அக்கா, நன்றி. இப்படி எழுதப் போகிறேன். தலைப்பில் 'மூச்சுத்தூம்பு நீச்சல்', உள்ளே 'தூம்பு நீச்சல்'. 'கலன் முக்குளிப்பு', 'உள்நீச்சல்', 'கடலடி நடை' மூன்றும் அப்படியே. ஓசூர்த் தம்பி சொன்னதை விடவில்லை. ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் 'அங்குள்ள பலகையில் ஸ்நார்க்கெலிங் என்று இருக்கும்' என்று ஒரு வரி சேர்க்கிறேன், வரிசை மாறாது. காலில் மாட்டும் ரப்பருக்குக் 'கால்துடுப்பு'. மீனின் துடுப்பும் பரிசல் துடுப்பும் ஏற்கெனவே அந்தச் சொல்லில் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டாம். கயாக்கைக் கயாக் என்றே விடுகிறேன். பரிசல் என்று எழுதச் சொல்லி ஒருவர் தனிமடல் போட்டிருந்தார். பரிசல் வட்டம், ஒரே துடுப்பு, ஓட்டுகிறவர் வேறு, உட்கார்ந்து போகிறவர் வேறு. கயாக் நீண்டு ஒடுங்கியது, இரண்டு முனையிலும் அலகு உள்ள துடுப்பு, உட்கார்ந்தவரே ஓட்ட வேண்டும். பரிசல் என்று படித்துவிட்டுச் சும்மா உட்காரலாம் என்று ஏறினால் அலையாத்திக் காட்டுக்குள் போய் மாட்டிக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. கரையில் உடைந்த அலைநீர் ஒரு குறுகிய வழியாகத் திரும்பக் கடலுக்குள் வேகமாக ஓடுமே, ரிப் கரண்ட், அதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. கையேட்டிலேயே முக்கியமான பத்தி அது.

—

ஒகேனக்கல் ஊட்டமலையிலிருந்து:

அண்ணா, ஆற்றில் நாங்கள் 'இழுப்பு' என்போம். 'அந்தப் பாறைக்கு அந்தாண்ட இழுப்பு ஜாஸ்தி, போகாதே' என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். கடலில் நடப்பதும் இழுப்புதான். 'கடலிழுப்பு' என்று வையுங்கள். 'கரையிழுப்பு' வேண்டாம், கரைக்கு இழுத்துவரும் என்று நினைத்துவிடுவார்கள்.

தப்பிக்கும் வழியையும் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இழுப்பை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்தபிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெம்பில்லை என்றால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்டினால் போதும். நம்மூரில் மல்லாந்து மிதக்கத் தெரியாத பிள்ளை குறைவு.