கீசர் பாக்ஸில் ஸ்மார்ட் ரிலே 82 டிகிரி காட்டி தானாக ஆஃப் ஆகிறது, என்ன செய்யலாம்?

மேற்குச்சுவர்:
வணக்கம். மதுரை. மேற்கு வெயில் விழும் சுவரில் இரண்டு இடத்தில் 16 ஆம்பியர் வைஃபை ரிலே (ஃபோன் ஆப்பில் ஆன், ஆஃப் பண்ணும் சின்ன சுவிட்ச் டப்பா), சுவிட்சுக்குப் பின்னால் மெட்டல் பாக்ஸுக்குள் இருக்கிறது. லைட், ஃபேன் ரிலே ஆப்பில் 58 டிகிரி காட்டுகிறது. கீசர் ரிலே (25 லிட்டர், 2000 வாட்) போட்டு 20 நிமிஷத்தில் 82 தொட்டு, தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. வயர் 2.5 எம்எம் மல்டிஸ்ட்ராண்ட். கையேட்டில் "இயங்கும் வெப்பநிலை மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரை" என்று போட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் 58-ஏ ஆபத்துதானே? சூடு வெளியே போக சுவிட்ச் பிளேட்டில் ஓட்டை போட்டுவிடலாமா?

ரெண்டரை_எம்எம்:
இரண்டும் வேறு வேறு வெப்பநிலை சார். கையேட்டின் 40, ரிலேயைச் சுற்றி பாக்ஸுக்குள் இருக்கும் காற்றுக்கு. ஆப் காட்டுவது ரிலேக்குள் போர்டில் உள்ள சென்சாரின் அளவு. வைஃபை சிப்பும் பவர் சப்ளையும் லோடு இல்லாமலே கொஞ்சம் சூடு தரும், அதனால் 58-க்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மே மாசம் மேற்குச் சுவரில் பாக்ஸுக்குள் காற்றே 40-ஐத் தாண்டலாம். செங்கல் மதிய வெயிலை வாங்கி வைத்து சாயங்காலம்தான் விடும். உச்சியில் பார்த்ததை வைத்து முடிவு பண்ணாதீங்க, ராத்திரி 7, 8 மணிக்கும் பாருங்க.

கீசர் விஷயம் வேறு. 2000 வாட்டை 230-ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏறும், அதாவது கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ரிலே கான்டாக்டும் டெர்மினலும் சேர்ந்து 10 மில்லி ஓம் என்றால் முக்கால் வாட். ஒரு ஸ்க்ரூ லூஸாகி அது 40 மில்லி ஓம் ஆனால் 3 வாட். அந்தச் சின்ன டப்பாவுக்கு, மூடிய பாக்ஸில், 3 வாட் ரொம்பவே அதிகம்.

முதலில் ஒரு சோதனை. கீசரை ஒரு மணி நேரம் ஆஃபில் விட்டு அளவைக் குறிங்க. பிறகு போட்டு 15 நிமிஷம் கழித்துக் குறிங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேணும்.

மேற்குச்சுவர்:
ஆஃபில் 51. 15 நிமிஷத்தில் 79.

ரெண்டரை_எம்எம்:
28 டிகிரி ஏற்றமா? கனெக்‌ஷன்தான் முதல் சந்தேகம். எம்சிபியை (அந்த லைனுக்கான டிரிப் சுவிட்ச்) ஆஃப் பண்ணி, டெஸ்டர் வைத்து இரண்டு வயரிலும் சப்ளை இல்லை என்று பார்த்த பிறகு மட்டும் கழற்றுங்க. பார்க்க வேண்டியவை: ஸ்க்ரூ இன்சுலேஷன் மேல் உட்கார்ந்திருக்கா, மல்டிஸ்ட்ராண்டில் சில இழை வெளியே நிற்குதா, டெர்மினல் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கா. பழுப்பு இருந்தால் ரிலேயே மாற்றணும், இறுக்கி ஓட்டாதீங்க. வயர் முனையைப் புதுசாக வெட்டி, 2.5 எம்எம் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு, கிரிம்ப் பண்ணி, அதாவது கருவியால் நசுக்கி, இறுக்குங்க. ஈயம் வைக்க வேண்டாம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி மறுபடி லூஸாகும்.

டிபி_பாக்ஸ்:
ஓட்டை வேண்டவே வேண்டாம். காற்றோட்டம் பெரிசாக வராது. எறும்பும் ஈரமும்தான் வரும், குழந்தை கையில் கம்பி இருந்தால் இன்னும் மோசம். அதிக சூட்டில் ஆஃப் ஆகும் அமைப்பு பாதுகாப்பு, ஆப்பில் திரும்பத் தானே ஆன் ஆகிற மாதிரி ஆட்டோமேஷன் எழுதிடாதீங்க.

16 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பது ரெசிஸ்டிவ் லோடுக்கு (ஹீட்டர் மாதிரி), அதுவும் சொன்ன வெப்பநிலைக்குள். சூடான சுவரில் அதில் பாதியோடு நிறுத்துவது என் வழக்கம். கீசர் பாதியைத் தாண்டுது. அதனால் டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) 25 ஆம்பியர், 2 போல், 230 வோல்ட் காயில் உள்ள கான்டாக்டர் போடுங்க. அது, காயிலுக்கு சின்ன கரண்ட் கொடுத்தால் பெரிய லோடை ஆன் பண்ணும் சுவிட்ச். கீசர் எம்சிபியிலிருந்து வரும் ஃபேஸும் நியூட்ரலும் கான்டாக்டர் வழியாகப் போகட்டும். ரிலே அவுட்புட் காயிலின் ஏ1 முனைக்கு, நியூட்ரல் ஏ2 முனைக்கு. அப்போது ரிலே சுமப்பது காயிலின் சில வாட் மட்டும். காயிலுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட், 100 ஓம் ஸ்னபர் (கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்ந்தது) போடுங்க, இல்லையென்றால் காயில் ஆஃப் ஆகும்போது எழும் மின்னழுத்தத் துடிப்பு ரிலேயை ரீஸ்டார்ட் பண்ணலாம். கான்டாக்டருக்குப் பக்கத்தில் அரை மாடுலாவது (ஒரு எம்சிபி அகலத்தில் பாதி) சூடு போகக் காலி விடுங்க. மெட்டல் கதவு டிபி என்றால் ரிலேயை வெளியே தனி பிளாஸ்டிக் பாக்ஸில் வையுங்க, உள்ளே வைஃபை சிக்னல் சாகும்.

மேற்குச்சுவர்:
கழற்றிப் பார்த்தேன். அவுட்புட் டெர்மினலில் ஸ்க்ரூ பாதி இன்சுலேஷன் மேல். பழுப்பு இல்லை. ஃபெரூல் போட்ட பிறகு 15 நிமிஷத்தில் 66.

ரெண்டரை_எம்எம்:
51-லிருந்து 15 டிகிரி, பரவாயில்லை. இன்னும் ஒன்று: அதே பாக்ஸில் டிம்மர் இருந்தால் அதை வேறு பாக்ஸுக்கு மாற்றுங்க, டிம்மரின் சூடு ரிலேயில் ஏறும். படிப்படியாகத் திருப்பும் கெபாசிட்டர் ஃபேன் ரெகுலேட்டர் என்றால் பிரச்சினை இல்லை.

டிபி_பாக்ஸ்:
66-லும் கான்டாக்டரைத்தான் சொல்வேன். மே மாசத்தில் ஆஃபில் 51 என்பதே 57 ஆகும்.

மேற்குச்சுவர்:
எலக்ட்ரீஷியனை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன். அதுவரை கீசரைப் பழைய சுவிட்சிலேயே நேராகக் கொடுத்துவிடலாமா?

டிபி_பாக்ஸ்:
சுவிட்ச் 16 அல்லது 20 ஆம்பியர் என்றால் கொடுங்க. 6 ஆம்பியர் சுவிட்ச் என்றால் வேண்டாம், எம்சிபியிலேயே போட்டு அணையுங்க.