வல்லாரைப் பொடியைத் தினமும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

மன்னார்குடி அம்மா:
மகன் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம். ஞாபகசக்திக்கு நல்லது என்று மாமியார் நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடி வாங்கி வந்து, காலையும் இரவும் ஒரு ஸ்பூன் பாலில் கலக்கிக் கொடுக்கச் சொல்கிறார். அவன் சின்ன வயதிலிருந்து வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறான், அதனால்தான் எனக்குப் பயம். கீரைதானே, என்ன செய்துவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

சேலத்துக்காரன்:
கொடுக்காதீங்க அக்கா. என் அப்பா இதே பொடியை இரண்டு மாதம் விடாமல் சாப்பிட்டார். முதலில் உடம்பெல்லாம் அரிப்பு, அப்புறம் கண் மஞ்சளாகி, சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனது. மஞ்சள் காமாலை என்றதும் வீட்டில் கீழாநெல்லி அரைக்கக் கிளம்பிவிட்டார்கள். டாக்டர்தான் வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவிக் கேட்டு, பொடியை நிறுத்தச் சொன்னார். கல்லீரல் டெஸ்ட் பழைய நிலைக்கு வர ஆறு வாரம் ஆனது.

யாழ்ப்பாணத்து அக்கா:
தங்கச்சி, எங்கள் பக்கம் வல்லாரைச் சம்பல் வாரத்தில் ஒரு நாளாவது இருக்கும். ஒரு கைப்பிடி இலை, தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்), சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு. சோற்றோடு கொஞ்சம் தொட்டுக்கொள்வதும், காயவைத்து இடித்த பொடியை மாதக்கணக்கில் விழுங்குவதும் ஒன்றல்ல. இலை வாங்கும் இடத்தையும் பாருங்கள். சாக்கடை ஓரத்திலும் தளதளவென்று வளரும், அழுக்குத் தண்ணீரில் உள்ள ஈயம் போன்றவற்றையும் உறிஞ்சிவிடும்.

மருந்துக்கடை அனுபவம் 20 வருடம்:
சேலத்துத் தம்பி சொன்னது அரிது, ஆனால் நடக்கிறது. அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2005இல் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். நிறுத்தியதும் சரியானது, அதில் ஒருவர் மறுபடி எடுத்தபோது மறுபடி வந்தது. உங்கள் மகன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் வலிப்பு மாத்திரைகளில் வால்புரோயேட் போன்றவை தாமாகவே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, பலவும் தூக்கக் கலக்கம் தருபவை, வல்லாரையும் அதிகமானால் தூக்கம் வரவழைக்கும், படிக்கிற பிள்ளைக்கு அது வேண்டாமே. ஞாபகசக்தி கூடும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் உறுதியான சான்று இல்லை. புண் ஆற மேலே பூசும் களிம்பாகத்தான் இதற்கு நல்ல பெயர்.

இன்னொன்று, பிரமி என்று எழுதிய பொடி வல்லாரையாகவும் இருக்கலாம், நீர்ப்பிரமி என்ற வேறு செடியாகவும் இருக்கலாம். இலையாகப் பார்த்தால் குழப்பமே இல்லை. வல்லாரை தவளைப் பாதம் மாதிரி வட்டமாக, ஓரம் வளைவு வளைவாக, நீளக் காம்பில் ஒற்றை இலையாக நிற்கும். நீர்ப்பிரமிக்குச் சின்னத் தடித்த இலைகள், தண்டில் எதிரெதிராக. பொடியானால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள்.

மன்னார்குடி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. பொடியை நிறுத்தி வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை செக்கப் போகிறோம், டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுகிறேன். அவர் சரி என்றால் கீரையாக மட்டும் எப்போதாவது கொடுப்பேன். அக்கா, சம்பலுக்கு இலையை வதக்க வேண்டுமா?

யாழ்ப்பாணத்து அக்கா:
இல்லை, பச்சையாகத்தான். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று தரம் அலசி, மெல்லிதாக அரியுங்கள். தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் கூடப் போட்டால் கசப்புத் தெரியாது.