தரம் 4 மாணவனின் வாசிப்பு இடர்பாடு: விசேட கல்வி அலகுக்கு மாற்றச் சம்மதிக்கலாமா?

வலிகாமத்துத் தாய்:
வணக்கம். என் மகன் தரம் 4 இல் கற்கிறான். கதையொன்றை நான் வாசித்துக் காட்டினால் மறுநாளும் ஒரு சம்பவம் விடாமல் திருப்பிச் சொல்லுகிறான். வாய்க்கணக்கில் தமக்கையையும் முந்திவிடுகிறான். ஆனால், பாடநூலைத் தானே வாசிக்கும்போது முதல் வரியிலேயே தடுமாறுகிறான். அடுத்த தவணையிலிருந்து அயற்பாடசாலையின் விசேட கல்வி அலகுக்கு (சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு) அவனை மாற்றுவதற்குச் சம்மதக் கடிதம் தருமாறு அதிபர் கேட்டிருக்கிறார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குவதால், பாடசாலையின் பெறுபேறு குறையுமென்ற அச்சமும் ஒரு காரணமோ என்ற ஐயம் எனக்குண்டு. கடிதம் கொடுக்கலாமா?

ஓய்வுநிலை ஆசிரியை, தென்மராட்சி:
அம்மா, கடிதத்தைச் சற்று ஒத்திவையுங்கள். முதலில் யாழ். போதனா வைத்தியசாலையில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். முன்வாங்கில் இருத்தியதோடு தீர்ந்துபோன இடர்பாடுகளையும் நான் கண்டிருக்கிறேன். அவற்றில் குறையில்லையெனில், தாங்கள் விவரிப்பது விளக்கக் குறைவன்று, எழுத்தை ஒலியாக்குவதிலுள்ள சிக்கலாகவே தோன்றுகிறது. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி முன்னே நிற்க அதன் ஒலி மெய்யொலிக்குப் பின்னே வருகிறது. ‘கொ’ என்பதிலோ குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாக ஒலிக்க முயலும் பிள்ளை இங்கேதான் இடறும். பிழைத்த சொல்லைப் பத்து முறை எழுதுவிப்பதால் கை நோகுமேயன்றி வாசிப்பு வராது. (நானும் தொடக்க காலத்தில் அப்படி எழுதுவித்தவள்தான்.) எந்த எழுத்துகளில், எத்தனை நாள் பரிகாரக் கற்பித்தல் (இடறும் இடத்தை மீளக் கற்பிக்கும் பயிற்சி) நடந்தது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பதிவு எதுவும் இல்லையெனில், வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவுக்கு எழுத்தில் அறிவித்து, அவனுக்கெனத் தனியாள் கல்வித் திட்டமொன்றைக் கோருங்கள்.

வடமராட்சித் தந்தை:
ஆசிரியை சொல்வதை மதிக்கிறேன். எனினும் அலகு என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. என் மகள் தன் பாடசாலையிலுள்ள அலகின் சிறு குழுவில்தான் வாசிக்கப் பழகினாள். கணிதத்துக்கும் சித்திரத்துக்கும் சாதாரண வகுப்பிலேயே இருந்தாள். தங்கள் மகனை வேறு பாடசாலைக்கே அனுப்புவதுதான் எனக்கு உறுத்துகிறது. மருத்துவ அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் பரீட்சையில் மேலதிக நேரம் கோருவதற்கு அவை உதவும்.

சட்ட மாணவன்:
வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், 23 ஆம் பிரிவில், வலுவிழப்பைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனச் சேர்க்கையில் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. சேர்த்த பின்னர் வகுப்பறையில் என்ன உதவி வழங்க வேண்டும் என்பதை அப்பிரிவு விரித்துரைக்கவில்லை. ஆகவே அதிபருடன் சட்டம் பேசுவதைவிட, ஆசிரியை கூறியவாறு பதிவுகளைக் கேட்பதே பயன் தரும்.

வலிகாமத்துத் தாய்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அவனை ஒரு பக்கம் வாசிக்கச் செய்து, பிழைகளைக் குறித்துக்கொண்டேன். ‘தோணி’யைத் ‘தேணி’ என்றான், ‘கொடி’யைக் ‘கெடி’ என்றான். பெரும்பாலான பிழைகள் இவ்வகையே. அந்தத் தாளுடன் திங்கட்கிழமை வகுப்பாசிரியரைச் சந்திக்கிறேன்.