வெனிஸில் நால்வருக்கு நான்கு இரவு: கட்டுப்படியாகும் அறை எங்கே? (அம்மாவுக்கு மூட்டுவலி)

இளவேனில்:
வணக்கம். ஜூன் இரண்டாம் வாரத்தில் வியாழன் முதல் திங்கள் வரை நான்கு இரவு வெனிஸில் தங்க வேண்டும். நான், கணவர், ஏழு வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், படி ஏறுவதுதான் ஆகாது. தீவுக்குள் நால்வருக்கான அறை இரவுக்கு 260 யூரோவுக்குக் கீழே கண்ணில் படவில்லை. தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரெயில் 130க்கு இருக்கிறது. எங்களால் முடிந்தது இரவுக்கு 150. மெஸ்த்ரெயில் தங்கினால் மிச்சமாகும் பணமெல்லாம் தினமும் போய்வருவதிலேயே கரைந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? மார்க்கோ போலோ விமான நிலையத்தில் இறங்குகிறோம்.

ரயில்பூச்சி:
கரையாது. மெஸ்த்ரெயிலிருந்து தீவில் இருக்கும் சாந்தா லூச்சியா நிலையத்துக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், டிக்கெட் ஒன்றரை யூரோ அளவில் இருக்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் ரயில் கணக்கே தேவைப்படாது.

வெனிஸ் பாலங்களில் படி ஏறி இறங்க வேண்டும், அம்மாவுக்கு அது முடியாது என்பதால் எங்கே தங்கினாலும் வப்போரெத்தோ (படகுப் பேருந்து) பாஸ் எடுத்தே ஆக வேண்டும். ஒற்றைப் பயணச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஒரு நாளில் மூன்று முறை ஏறினாலே 24 மணி நேர பாஸின் விலையான 25 யூரோவைத் தாண்டிவிடும். 48 மணி நேரத்துக்கு 35, 72 மணி நேரத்துக்கு 45, ஏழு நாளுக்கு 65. இவை 2025 கட்டணங்கள். ஆறு வயதுக்குக் கீழ் இலவசம், உங்கள் மகளுக்கு ஏழு என்பதால் முழுக் கட்டணம். ஆக 72 மணி நேர பாஸ் நால்வருக்கும் 180 யூரோ. தீவிலேயே தங்கினாலும் இந்தச் செலவு உண்டு.

அதே பாஸ் மெஸ்த்ரெயின் நகரப் பேருந்துக்கும் டிராமுக்கும் செல்லும். மெஸ்த்ரெ ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து கால் மணி நேரத்தில் தீவின் பேருந்து நிலையமான பியாட்ஸாலே ரோமாவில் இறக்கிவிடும், படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. ரயிலுக்கு மட்டும் இந்த பாஸ் செல்லாது. எனவே மெஸ்த்ரெயில் தங்குவதால் போக்குவரத்துக்குக் கூடுதலாகப் போவது ஏறக்குறைய ஒன்றுமில்லை, நான்கு இரவில் 520 யூரோ உங்கள் கையிலேயே நிற்கும்.

பாஸின் நேரம் வாங்கியதிலிருந்து அல்ல, முதல்முறை துறையிலோ பேருந்திலோ இருக்கும் சீட்டுக் கருவியில் காட்டியதிலிருந்துதான் ஓடும். வந்திறங்கும் மாலையிலேயே தொடங்கிவிட்டால் ஒரு பகல் வீண். மறுநாள் காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மூன்று முழு நாளும் கிடைக்கும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் கருவியில் காட்டுங்கள், மறந்தால் கையில் பாஸ் இருந்தும் அபராதம் கட்ட நேரும். விமான நிலையப் பேருந்துக்கு சாதாரண பாஸ் செல்லாது, அதற்குத் தனி டிக்கெட்.

உண்மையான இழப்பு நேரம்தான். மத்தியானம் அம்மா களைத்துப்போனால் அறைக்குத் திரும்பிப் படுத்து எழ முடியாது. ஜூன் வெயிலில் இது சின்ன விஷயமில்லை, இதை வைத்தே முடிவெடுங்கள்.

கால்வாய்க்கரை:
மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் மெஸ்த்ரெ என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்தத் தெரு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரயில் நிலையத்தை ஒட்டிய வியா கா மார்ச்செல்லோவில் பெரிய புதிய ஓட்டல்களும் ஹாஸ்டல்களும் இருக்கின்றன. ஹாஸ்டல் என்றதும் பொதுக்கூடத்தில் அடுக்குக் கட்டில் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குளியலறையோடு கூடிய நால்வர் அறையும் அங்கே விற்கிறார்கள், லிஃப்ட் உண்டு. உங்களுக்கு முதலில் தேட வேண்டிய இடம் இதுதான். வியா பியாவே பக்கம் வங்கதேசத்தவர் கடைகள் நிறைய, அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும். சமையலறை உள்ள அறை எடுத்தால் இது பெரிய உதவி. இரவில் அந்தத் தெருவின் நிலையத்தை ஒட்டிய பகுதி சிலருக்குச் சங்கடமாக இருக்கும், அறையை அங்கிருந்து சற்றுத் தள்ளிப் பாருங்கள். மெஸ்த்ரெ மையத்தில் பியாட்ஸா ஃபெர்ரெத்தோ அருகே மாலைப்பொழுது இனிமை. அங்கிருந்து டி1 டிராம் நேராக பியாட்ஸாலே ரோமாவுக்கு வரும்.

பெயரில் 'வெனிஸ்' இருக்கும், இடமோ நெடுஞ்சாலை ஓரம், கார் இல்லாமல் அசைய முடியாது. விலை மலிவாகத் தெரியும் பல ஓட்டல்கள் இப்படித்தான். வரைபடத்தில் பேருந்து நிறுத்தம் எத்தனை மீட்டரில் இருக்கிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் முன்பதிவு செய்யாதீர்கள். முகாம் மனைகளில் இருக்கும் குடில்களும் மலிவுதான். ஆனால் நிலப்பகுதிக் கரையில் அப்படி முகாம் இருக்கும் ஃபுஸீனாவிலிருந்து வரும் படகு நகரப் பாஸில் சேராது, தினமும் தனிக் காசு.

இளவேனில்:
மிக்க நன்றி. இதற்கிடையில் 'வெனிஸ் 20 நிமிடம்' என்று ஒரு அடுக்ககம் 95 யூரோவுக்குக் கிடைத்தது. ஊர் க்வார்த்தோ தல்தீனோ. முன்பதிவு இணையதளத்துக்கு வெளியே நேராக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினால் பத்து சதவீதம் குறைத்துத் தருவதாக உரிமையாளர் சொல்கிறார். எடுக்கலாமா?

வெனெத்தோவாசி:
வங்கிக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். தளத்துக்கு வெளியே போன பணத்துக்கு அந்தத் தளம் பொறுப்பேற்காது, வீடே இல்லை என்று தெரிந்தாலும் திரும்ப வாங்க வழியில்லை. 2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் குறுகியகால வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் 'சின்' எனப்படும் தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்திலும் கட்டடத்தின் வெளியிலும் அது தெரிய வேண்டும். எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். அதேபோல, பாஸ்போர்ட் விவரத்தைக் கேட்டால் பயப்பட வேண்டாம், விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்புவது அவர்களுடைய சட்டக் கடமை. ஆனால் அதைத் தளத்தின் வழியாகவோ நேரிலோ கொடுங்கள்.

இனி இடம். க்வார்த்தோ தல்தீனோ தனி நகராட்சி, வெனிஸ் நகராட்சிக்குள் வராது. இது ஏன் முக்கியம் என்றால், நாள்பயணிகளிடம் வெனிஸ் வாங்கும் நுழைவுக் கட்டணம். 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கினார்கள். 2025இல் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையே 54 நாட்கள், பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை, காலை 8.30 முதல் மாலை 4 வரை. முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நாட்களில் கட்டினால் 10. பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கு இல்லை. நீங்கள் மூன்று பெரியவர்கள், வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் போனால் 45 முதல் 90 யூரோ. மெஸ்த்ரெ, அதை ஒட்டிய மர்கேரா, கடற்கரைத் தீவான லீதோ எல்லாம் வெனிஸ் நகராட்சியே, அங்கே இரவு தங்குவோருக்கு விலக்கு உண்டு. விலக்கு தானாக வந்துவிடாது. நகராட்சி இணையதளத்தில் பதிவு செய்து கியூஆர் குறியீட்டை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்தெந்த நாட்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பக்கத்து ஊர்களான பாதோவா, திரெவீசோவில் தங்கும் யோசனை வந்தாலும் இதே கணக்குதான், விலக்கு இல்லை.

இது போக, தங்குமிட வரி. ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு சில யூரோ, தொடர்ந்து ஐந்து இரவு வரை மட்டும். பத்து வயதுக்குக் கீழ் இல்லை. தீவை விட மெஸ்த்ரெயில் குறைவு. பெரும்பாலும் முன்பதிவு விலையில் சேர்ந்திருக்காது, அறை எடுக்கும்போது தனியாகக் கேட்பார்கள். உங்கள் 150இல் இதற்கும் இடம் வையுங்கள்.

கால்வாய்க்கரை:
அம்மாவுக்காகத் தீவுக்குள்ளேயே தங்க மனம் இருந்தால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு இடதுபுறம் போகும் லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா. குல்யே பாலம் வரும்வரை அந்தத் தெருவில் பாலமே கிடையாது, பெட்டியை உருட்டிக்கொண்டு போகலாம். கூட்டமும் சத்தமும் அதிகம், அழகான தெரு என்று சொல்ல மாட்டேன், ஆனால் முழங்காலுக்கு அது பெரிய வரம். இரண்டு நட்சத்திர ஓட்டல்கள் அங்கே வரிசையாக உண்டு. இன்னொன்று லீதோ. சமதளம், தீவுக்குள்ளேயே பேருந்து, அதற்கும் அதே பாஸ்.

மடங்களும் தேவாலயங்களும் நடத்தும் விடுதிகளையும் சொல்வார்கள். காஸ்தெல்லோ பகுதியில் வால்டென்சிய சபையின் ஃபொரெஸ்தெரியா வால்தேசே நல்ல இடம், குடும்ப அறை உண்டு. ஆனால் படகுத்துறையிலிருந்து பாலம் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். உங்களுக்கு வேண்டாம்.

ரயில்பூச்சி:
லீதோ விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஜூனில் அது கடற்கரைப் பருவம், விலை ஏறியிருக்கும். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு போய்ச் சேருவதும் சுற்று. அதைவிடத் தேதியை மாற்றுங்கள். வியாழன்–திங்கள் என்றால் வெள்ளி, சனி இரண்டு இரவும் உச்ச விலையில் மாட்டும். ஞாயிறு மாலை வந்து வியாழன் காலை கிளம்பினால் அதே அறை குறையும், கூட்டமும் குறையும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய மெஸ்த்ரெ அறை ஒன்றை இப்போதே பிடித்து வைத்துவிட்டு, லிஸ்தா தி ஸ்பாஞ்ஞாவில் விலை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

இளவேனில்:
ஞாயிறு–வியாழன் ஆக்கிவிட்டோம். வியா கா மார்ச்செல்லோவில் நால்வர் அறை 118க்குப் பிடித்து வைத்தேன், ரத்து இலவசம். லிஸ்தா தி ஸ்பாஞ்ஞாவில் ஒன்று 176. அங்கே எழுதிக் கேட்க வேண்டியது என்னென்ன?

கால்வாய்க்கரை:
அறை எந்த மாடியில், லிஃப்ட் உண்டா என்று முதலில் கேளுங்கள். பழைய கட்டடங்களில் இல்லாதது சகஜம், 'முதல் தளம்' என்றாலும் தெருவிலிருந்து ஒரு முழு மாடி ஏற வேண்டும். வரவேற்பறையும் அறையும் ஒரே கட்டடமா என்று கேளுங்கள். சிலர் சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டு பாலம் தாண்டிய வேறு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஏசி இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதும் ஜூனில் முக்கியம். முகவரியாகப் பகுதிப் பெயரும் நான்கு இலக்க எண்ணும் மட்டும் வந்தால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது, தெருப்பெயரையும் பக்கத்துப் படகுத்துறையையும் எழுதி வாங்குங்கள்.

லிஃப்ட் இல்லை என்று பதில் வந்தால் 118 அறையிலேயே இருங்கள். பியாட்ஸாலே ரோமாவில் 1ஆம் எண் படகில் ஏறி வல்லரெஸ்ஸோ துறையில் இறங்கினால், காலே வல்லரெஸ்ஸோ என்ற சந்து வழியாகப் பாலமே ஏறாமல் சான் மார்க்கோ சதுக்கத்துக்கு அம்மா நடந்துவிடலாம்.