ராயபுரம் ரயில் நிலையத்திலும் பாரம்பரிய நாள் நடத்த இயலுமா?

கேள்வி:
ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில், வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் பழைய மாளிகைகளையும் பட்டறைகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பாரம்பரிய நாள்கள் எப்படித் தொடங்கின? 1856-இல் திறக்கப்பட்ட எங்கள் ராயபுரம் நிலையத்திலும் அப்படி ஒன்றை நடத்தலாமா?

மறுமொழி 1:
1984-இல் பிரான்சு தொடங்கியதை, ஐரோப்பிய அவை 1991-இல் மற்ற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது; 1999 முதல் ஐரோப்பிய ஆணையமும் சேர்ந்து நடத்துகிறது. கட்டடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், பல ஊர்களில் கல் செதுக்குபவர்களும் சுண்ணாம்புச் சாந்து குழைப்பவர்களும் சிறுவர்கள் முன்னிலையில் வேலை செய்து காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், அதன் உயிரே அதுதான்.

மறுமொழி 2:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும், எலும்புக்கூடுகள் செதுக்கிய அதன் வாயிலுக்காகவே, சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
முதலில் ரயில்வேயிடம் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள், தம்பி. அது இன்றும் இயங்கும் நிலையம்.